பித்தளைத் தகடு

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சலேத்தம்மாள் வந்து நிற்பதை அவன்தான் முதலில் பார்த்தான்.



தனியாகவும் வரவில்லை. திருச்சியிலிருந்து வேன் பிடித்து ஒன்பது பேர். மகன் சவரி, மருமகள், சம்பந்தி வீட்டார், பட்டுப்பாவாடையில் இரண்டு பேத்திகள். கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்திருந்தார்கள்.

சென்னையின் பெரிய ஹோட்டல். காலை பதினோரு மணி. கார்ஸ்டன் மோட்டார் சைக்கிள் மறுபடி பிறக்கிற விழா.

இங்கிலாந்தில் எப்போதோ இழுத்து மூடிய கம்பெனி அது. பெயரை மட்டும் அவனுடைய முதலாளி வாங்கிப் போட்டார். பெயர் இருந்தால் போதுமா? புது வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டப் பழசு ஒன்று வேண்டாமா?

ஊர் ஊராக அலைந்து அவன்தான் கண்டுபிடித்தான். பொன்மலை ரயில்வே காலனியில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார்ஸ்டன். ஒரே உதையில் உறுமியது.

ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த, சலேத்தம்மாளின் கணவர் ஸ்தனிஸ்லாஸின் வண்டி. கிடைக்காத சாமான்களைத் தன் கையாலேயே கடைந்து போட்டு, நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறார் மனுஷன். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

சலேத்தம்மாள் விலையே பேசவில்லை.

"காசெல்லாம் வேணாம் தம்பி. அவரு பேரை மட்டும் வண்டிகிட்ட எழுதி வச்சிருங்க. நாலு பேரு பாக்கட்டும்."

"கண்டிப்பா வைக்கிறேம்மா" என்றான், அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே.

அப்போது மனதாரத்தான் சொன்னான். இப்போது நினைக்கையில் அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

முதலாளி ஒரே மூச்சில் முடித்துவிட்டார். இங்கிலீஷ் வண்டி என்று சொல்லி விற்கிறோம், பொன்மலையில் கிடைத்தது என்றா போடுவது? எவன் வாங்குவான்?

அவன் வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டானா? மாய்ந்து மாய்ந்து அவனே எழுதியும் கொடுத்தான். பனி பெய்கிற யார்க்‌ஷயர் கிராமம். வைக்கோல் கொட்டகை. வண்டியைப் பிள்ளைபோலக் காத்த ஹென்றி வில்கின்சன் என்கிற விவசாயி. அடடா, என்ன கற்பனை! அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனான், பாவி.

வில்கின்சன் பித்தளைத் தகட்டில் ஏறினார். வண்டிக்குப் பக்கத்திலேயே, நெஞ்சு உயரத்தில், தேக்குப் பலகையில் பளபளவென்று இருந்தார்.

போன வாரம் சவரி போனில் கேட்டான். "அம்மா பாக்கணும்ங்குது. கூட்டிட்டு வரலாமா சார்?"

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"தாராளமா வாங்க."

வரமாட்டார்கள் என்று நினைத்தான். நினைத்தானா, வேண்டிக்கொண்டானா, அது அவனுக்கே தெரியாது.

மற்றவர்கள் வாசலில் ஜூஸ் வாங்க நின்றுவிட்டார்கள். சலேத்தம்மாள் மட்டும் யாரையும் பார்க்காமல் நேரே வண்டியிடம் வந்தாள். டாங்கை உள்ளங்கையால் தடவினாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க தம்பி அவரு பேரு?"

சொல்லிவிடலாம். காலில்கூட விழலாம். யாரும் பக்கத்தில் இல்லை.

அவன் விரல் நீண்டது. தகட்டில் ஹென்றி வில்கின்சன் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டியது.

"இதாம்மா."

இங்கிலீஷ் தெரியாத பொம்பளைதானே என்று எண்ணிவிட்டான். சீ!

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பட்டறையில சாப்பாட்டு டப்பா மாறிப்போயிரும்னு, மூடியில அவரு பேரை இங்கிலீசுல ஆணியால கீறிக் குடுக்கிறவ நான்தான்." குரல் ஏறவே இல்லை. "இது அவரு பேரு இல்ல தம்பி."

அவனுக்கு அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. ஓங்கி ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொண்டிருப்பான்.

அதற்குள் பட்டுச்சேலைகளின் சரசரப்பு. சம்பந்தியம்மாள் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"எங்க எங்க? அண்ணன் பேரை எங்க போட்டிருக்காங்க?"

சவரி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

சலேத்தம்மாள் சட்டென்று திரும்பினாள். தகட்டுக்கு முதுகைக் கொடுத்து ஒட்டி நின்றாள். முந்தானையை விரித்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். தகட்டில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை.

"நான் பாத்துட்டேன். பெரிசா, நல்லாப் போட்டிருக்காங்க."

"கொஞ்சம் நகரும்மா, பேரு தெரியணும்ல?"

"இப்படியே எடுடா."

எல்லோரும் இரண்டு பக்கமும் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். பேத்திகள் டாங்கைத் தொட்டுக்கொண்டார்கள். அவன் மெல்ல நழுவப் பார்த்தான்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தம்பியும் நிக்கட்டும். பேரு போட்டுக் குடுத்தது இவருதான்."

சவரி போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனை நோக்கி இரண்டு கைகளையும் கூப்பினான். கண் கலங்கியிருந்தது.

"அப்பா இருந்து பாத்திருக்கணும் சார்."

பிடித்த கையை அவள் விடவில்லை. அவன் பக்கம் திரும்பாமலேயே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சிரிங்க தம்பி. எல்லாரும் பாக்கிறாங்க."

அவன் சிரித்தான்.