மூப்பர் மன்னித்தார்

"பிலேந்திரன் மேல கோபத்தை வைச்சுக்கொண்டு நீங்க சபை மூப்பராக இருக்க ஏலாது," என்று புதிதாக வந்த போதகர் சொல்லிவிட்டார்.

பதவியை விட எலியேசருக்கு மனமில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அடிமாட்டு விலைக்குச் சரக்கை விடுகிற வியாபாரி முகத்தோடு பிலேந்திரனைக் கட்டிப்பிடித்தார்.

"மச்சான், ஊருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கினாய். ஒரு வருசமா உன்ர முகத்தில முழிக்கல்ல. இயேசுவுக்காக மன்னிச்சிட்டன்."

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். அழுகிறார்கள் என்று போதகரும் உருகிப்போனார்.

"இதுதான் ஆவிக்குரிய முதிர்ச்சி. பிலேந்திரன், அப்பிடி என்ன செஞ்ச நீங்க?"

"சுனாமியில அடிபட்டுப் போன இவரைத் தலைமுடியில பிடிச்சிழுத்துக் கரை சேர்த்தன் ஐயா. இவர்ர இடுப்பில கட்டியிருந்த சாரன் தண்ணியோட போயிட்டு. இனிக் கடல் வந்தா முதல்ல சாரனைப் பிடிக்கிறன். மூப்பரைப் பிறகு பார்ப்பம்."