நுரை பொங்கிய சமையலறை

“வினிகர் பாட்டில் காலி, டீச்சர். சமையல் சோடா டப்பாவும் காலி. நேத்து நுரை பொங்கி அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. கேட்டா, உங்க வகுப்புல பார்த்ததாம். திட்டினா கொஞ்ச நேரம் அடக்கம், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.”

வந்திருந்த அம்மாள் சொல்லி முடித்ததும், வேதியியல் ஆசிரியை அவசரமாக ஜன்னல் பக்கம் பார்த்தாள். நுரை பொங்கும், நிறம் மாறும் சோதனைகளைக் கண்ணெதிரே செய்து காட்டித்தான், தூங்கி வழிந்த ஒன்பதாம் வகுப்பை அவள் நிமிர வைத்திருந்தாள். போன மாதம் வந்த புதுத் தலைமை ஆசிரியருக்கோ அது பிடிக்கவில்லை. சோதனை நடக்கும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். “ஏதாவது ஒரு வீட்டுலேருந்து புகார் வரட்டும், இந்த வேடிக்கையை அன்னிக்கே நிறுத்திடுவேன்” என்றும் சொல்லியிருந்தார்.

இதோ, அந்தப் புகார் கைப்பையோடு எதிரே நிற்கிறது.

“மன்னிச்சிடுங்கம்மா. வீட்டுல தனியா செய்யக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட தினமும் சொல்றேன். தலைமை ஆசிரியர் காதுக்கு மட்டும் இது போகாம பார்த்துக்குங்க.”

“அவர் காதுலயும் நுரைதான், டீச்சர். நான்தான் துடைச்சு விட்டேன்.”



அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுக்காரருக்கு ஜன்னல்ல நின்னு பார்த்தா அளவு சரியா தெரியலையாம். உள்ள வந்து உட்காரவும் கௌரவம் இடம் கொடுக்கல. நாளைக்கு நீங்களே கூப்பிட்டு முதல் பெஞ்சுல உட்கார வைக்கிறீங்களா?”