குறை கேட்கும் கூட்டம்

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க ஐயா" என்று மைக்கில் சொல்லிவிட்டு, பாதாம்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

தன் முறைக்காகக் காத்திருந்த அவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

சற்று முன்பு வராந்தாவில் இதே மனுஷன்தான் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை பாதாமை இறக்க இத்தனை தாளா, தாளுக்குத் தாள் முத்திரையா, முத்திரைக்கு ஒரு மேசையா என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போவதாகச் சவால் வேறு விட்டார். சுற்றி நின்ற வியாபாரிகள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

வெளிநாட்டுச் சரக்கை இறக்குகிறவர்களிடம் சுங்கத்துறை கேட்கும் காகிதங்களைக் குறைக்க முடியுமா என்று பார்க்க அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. அந்தக் குழுதான் இன்று குறை கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறது. தவம் கிடந்து கிடைத்த நாள். இந்த நாளில் எழுந்து போய், குறையே இல்லையாம்.

அடுத்து பேனாக்காரர் போனார். குழுவின் தலைவர் எதையோ குறித்துக்கொள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்றார்.

சாக்லேட்காரர் அதைவிட மோசம். மேசையை ஒரு பார்வை பார்த்தார், தலையைக் குனிந்தார், வாயே திறக்காமல் வந்துவிட்டார்.

தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடம் மட்டும் இவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று நினைத்தபோது இன்னும் அருவருப்பாக இருந்தது.

பின் வரிசையிலிருந்து காப்பிக்கொட்டை இறக்கும் பையன் அவள் பக்கம் குனிந்தான். தொழிலுக்கு வந்தே ஒரு வருஷம் ஆகாதவன்.

"நீங்களாவது கேளுங்கக்கா. இவங்கல்லாம் சும்மா வெத்துவேட்டு."

கேட்காமல் விடுவாளா? அவளுடைய பேரிக்காய் துறைமுகத்தில் கிடந்தது. அண்ணன் கடையை விட்டு விலகி, அவள் சொந்தமாக இறக்கிய முதல் கண்டெய்னர். சாப்பிடத் தகுந்த பழம் என்று லேபிலிருந்து ஒரே ஒரு தாள் வரவேண்டும். போய்க் கேட்டால் சாம்பிளுக்குக் கொடுத்த பெட்டி இன்னும் லேபுக்குப் போய்ச் சேரவில்லை என்றார்கள். இன்னொரு பெட்டி கொடுத்தாள். அதுவும் போய்ச் சேரவில்லை. அடுத்த பெட்டியை நேற்றுத்தான் சுங்க அதிகாரியே சிரித்த முகமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த வாரம் கண்டெய்னர் வெளியே வராவிட்டால் உள்ளே இருப்பது பழமாக இருக்காது, கூழாக இருக்கும். அவள் மறுபடி அண்ணன் கடைக் கல்லாவில் போய் உட்கார்ந்து, அண்ணியின் குத்தல் பேச்சைக் கேட்டுக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் மகள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர். பழத்தின் மேல் ஒட்ட ஒரு படம் வேண்டும் என்று பழம் அனுப்பும் வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் கேட்டபோது மகள் வரைந்து கொடுத்த பூனை அது. மீசையை ஆசை ஆசையாகப் போட்டவள் வாலை மறந்துவிட்டாள். உலகத்திலேயே வாலில்லாத பூனை ஒட்டின பழம் நம்முடையது மட்டும்தான் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தாள்.

அவளைக் கூப்பிட்டார்கள்.

சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். மைக் குழுவின் மேசையை ஒட்டி இருந்தது. உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த மேசையில் ஃபைல் அடுக்குகள்தான் தெரிந்தன. கிட்டே போனதும் ஃபைல்களுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் தெரிந்தது.

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணத்தில் பாதாம். பக்கத்தில் பளபளக்கும் தாள் சுற்றிய சாக்லேட். ஆளுக்கொரு புதுப் பேனா, மூடியில் விலைச்சீட்டு கூடக் கிழிக்காமல்.

தலைவர் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். அதில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, எங்கே போடுவது என்று தெரியாமல் முன்னாலிருந்த ஃபைலின் மேலேயே ஒட்டினார். பிறகு கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

"சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன குறை?" என்றார், மென்றுகொண்டே.

ஃபைலின் மேலிருந்து, மீசை மட்டும் பெரிதாக இருந்த பூனை அவளைப் பார்த்தது.

தலைவருக்குப் பக்கத்தில் சுங்க அதிகாரி உட்கார்ந்திருந்தார். நேற்றுச் சிரித்த அதே சிரிப்பு. கண்டெய்னரை வெளியே விடக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான். அவருடைய தட்டில் தின்று மிஞ்சிய பேரிக்காய்க் காம்புகள் இரண்டு கிடந்தன.

அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க ஐயா."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. திரும்பி வந்தபோது பாதாம்காரர் காலை ஒடுக்கி வழிவிட்டார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பேனாக்காரரும் பார்க்கவில்லை.

"சீ" என்றான் பின்னாலிருந்த பையன், அவள் காதில் விழட்டும் என்றே.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மைக்கைப் பார்த்து நடந்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. அலுவலகப் பணியாளர் தட்டு நிறையக் கோப்பைகளோடு வந்தார். கூடம் முழுக்கக் காப்பி மணந்தது.