வழிமொழிய வந்தவள்

அந்த டீயைக் குடித்திருக்கக் கூடாது.

மேடைக்குக் கீழே, மகளிரணிக்கு ஒதுக்கிய வரிசையில், கால்களை இறுக்கிக்கொண்டு அவள் அதையே நினைத்தாள்.

கூட்டம் என்றால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கட்சிக்கு வந்த புதிதில் பட்டுத் தெரிந்துகொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று மட்டும் தவறிவிட்டாள்.

வேனில் ஏறும்போது மாவட்டச் செயலாளர் போனில் கூப்பிட்டார். சட்டமன்றத்தில் பெண்களுக்கு இடஒதுக்கீடு கேட்கும் தீர்மானத்தை அவள்தான் வழிமொழிய வேண்டும், மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

கோலம் போட்டிருக்கிறாள். ஆரத்தி எடுத்திருக்கிறாள். வேன் வேனாக ஆள் திரட்டியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் மைக்கைத் தொட்டதில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழியில் வேன் நின்ற இடத்தில் யாரோ நீட்டிய டீயை மடமடவென்று குடித்துவிட்டாள்.

மேடையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். தாய்க்குலம் என்றார் ஒருவர். பெண் சக்தி என்றார் அடுத்தவர். மூன்றாமவர் தன் அம்மாவைப் பற்றி ஆரம்பித்தார். முடிக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

மனசுக்குள் தன் பேச்சை ஓட்டிப் பார்த்தாள். முதல் வரி வந்தது. அடுத்தது வரவில்லை. அடிவயிறு கனத்தது.

இனி முடியாது.

பந்தலுக்குப் பின்னால் 'பெண்கள்' என்று எழுதிய தகர அறை ஒன்று இருந்தது. உள்ளே மிச்ச நாற்காலிகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

ஆண்களுக்கு அந்தக் கவலையே இல்லை. மதில் ஓரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

சாலையைத் தாண்டி ஓடினாள். முதல் வீட்டில் கட்சிக் கரைச் சேலையைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டு அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே குந்தியிருக்கும்போதுதான் ஒலிபெருக்கி அவளைக் கூப்பிட்டது.

மகளிரணி ஒன்றியச் செயலாளர், அன்புச் சகோதரி தமயந்தி அவர்கள்.

ஊரே கேட்கும்படி அவள் பெயரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறுபடியும் சொன்னார்கள். அவளுக்கு அழுகை வந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

பிறகு அந்தக் குரல் சிரித்தது.

"ஆளையே காணோம். எடம் குடுங்க, எடம் குடுங்கன்னு கேக்குறாங்க. குடுத்தா வந்து நிக்க வேணாமா?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அதில் பெண்களின் சிரிப்பும் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. பொருளாளர் வழிமொழிந்துவிட்டாராம். அடுத்த தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில், போன மாதம் கட்சியில் சேர்ந்த பெண். அவளுக்கு இதுதான் முதல் கூட்டம். எங்கே போனீங்கக்கா, உங்களைத் தேடினாங்களே என்றாள்.



பெண்ணுக்கு வெயில் தாங்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள்.

தமயந்தி அதை மெதுவாகக் கையிலிருந்து வாங்கினாள். மூடியை இறுக்கித் திருகி, அவள் மடியில் வைத்தாள்.