மழையில் பாடிய தோடி

சௌந்தரவல்லியின் அலமாரியில் இருந்த இசைத்தட்டு, சிடி, கேசட் மூன்றிலும் ஒரே பாடகரின் தோடிதான் இருந்தது. சின்ன வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருந்ததால், "மூணையும் கேட்டுட்டு ஒண்ணை மட்டும் எடுத்துக்கப் போறேன், வாங்கடி" என்று அவள் சிநேகிதிகளைக் கூப்பிட்டிருந்தாள்.

கேசட்டுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. அது தகரக் கொட்டகைக் கச்சேரி ஒன்றில் பதிவானது. பாதியில் மழை கொட்டி, மைக் வேறு போய்விட்டது.

"உனக்கெதுக்கு வீண் ஆசை? என்கிட்ட ஒரு தும்மல் சத்தம்கூடக் கிடையாது" என்றது சிடி.

"பாவம், விடப்பா. காயலான் கடைக்குப் போறதை ஏன் சீண்டறே?" என்றது இசைத்தட்டு.

அவை இரண்டும் பாடி முடித்தபோது சிநேகிதிகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருத்தி கொட்டாவியை மறைத்துக்கொண்டாள்.

பிறகு கேசட் சுழன்றது. ஆலாபனையின் நடுவே மழை பிடித்து மைக் அணைந்ததும், குரல் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. கேசட் அவமானத்தில் குன்றிப்போனது. அறையிலோ எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாடகர் நிறுத்தவில்லை. தகரத்தில் அறையும் மழையை மீறி, வெறும் தொண்டையோடு படிப்படியாக ஏறி, மேல் ஷட்ஜத்தில் போய் நின்றார். கொட்டகையே ஆர்ப்பரித்தது. கூடவே அறையும் கைதட்டியது.

"இதுதாண்டி!" என்று சௌந்தரவல்லி எழுந்தே விட்டாள்.

"சபாஷ்! எனக்குள்ள ஒருத்தரும் கைதட்டினதே இல்லை" என்றது இசைத்தட்டு.

"இன்னொரு தடவை போடு!" என்றார்கள் சிநேகிதிகள்.

கேசட் கிறீச்சென்ற தன் சத்தத்தைக் கொஞ்சமும் மறைக்காமல், கம்பீரமாகப் பின்னோக்கிச் சுற்றியது.