பின்னால் வந்த பஸ்

"இதைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று, பளபளக்கும் பட்டை தைத்த மஞ்சள் ஜாக்கெட்டை நீட்டினாள் மனைவி.

அச்சகத்துக்குப் போக சைக்கிளை நகர்த்திய கணவன் சிரித்தான். "ரோடு போடுற ஆளுன்னு நெனச்சு, தாரை ஊத்தச் சொல்லிடுவாங்க."

"வேலை முடிஞ்சு வரும்போது இருட்டிடுது. சைக்கிள்ல பின்னாடி ஒரு லைட்டுகூடக் கிடையாது. சட்டையும் கறுப்பு."

"இத்தனை வருஷமா ஓட்டுறேன். வண்டி வந்தா எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு வண்டி தெரியும். வண்டிக்காரங்களுக்கு நீங்க தெரியணுமே?"

"அவங்கதான் பார்த்து வரணும். நேத்து பாலத்துக்கிட்ட ஒரு பஸ் முதுகுல இடிக்கிற மாதிரி வந்து கிரீச்சுன்னு நின்னுது. 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?'ன்னு கத்திட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம வந்துட்டேன்."

மனைவி வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"என்ன கேட்டுச்சு?"

"நீங்க திட்டினது. அந்த ரூட் டிரைவருக்குக் காய்ச்சல்னு நேத்து டெப்போவுல என்னை மாத்திப் போட்டாங்க. ரொம்பக் கிட்ட வந்தப்புறம்தான் முன்னாடி யாரோ போறாங்கன்னே தெரிஞ்சுது. ப்ரேக்கை மிதிச்சுட்டேன். குரலைக் கேட்டப்புறம்தான் அது நீங்கன்னு தெரிஞ்சுது. ராத்திரி பூரா கண்ணை மூட முடியலைங்க."

அவள் எழுந்து, ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தாள்.

"இன்னிக்கும் எனக்கு அதே ரூட்டுதான்."

கணவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினான்.