ஷாஜி சார் இன்னைக்கும் லேட்

“மணி ஒன்பது தாண்டியாச்சு. நம்ம மகாராஜா இன்னும் எழுந்தருளலையா?” என்று ஸுப்ரியா கண்ணாடிக் கதவைப் பார்த்து முணுமுணுத்தாள்.

மீட்டிங் ரூமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விஷ்ணுப்ரியாவும் சிரித்தாள். அவள் வந்து உட்கார்ந்ததே இப்போதுதான். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. தோளில் லேப்டாப் பையோடு ஷாஜி சார். “சாரி, சாரி. ஆரம்பிக்கலாமா?”

தினமும் இதே கூத்துதான். மேனேஜரே லேட்டாக வந்தால் அந்த டீம் உருப்படுமா?

விஷ்ணுப்ரியா அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள் இல்லை, ட்ரெயினி. காலேஜ் கடைசி வருஷத்தை இப்படி ஒரு கம்பெனியில் முழுசாக ஓட்டினால்தான் டிகிரி. அதிலும் கொச்சி காக்கநாட்டில் இவ்வளவு பெரிய ஐ.டி. கம்பெனியில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? ட்ரெயினிகளுக்கு மட்டும் ஒரு கண்டிஷன் உண்டு. காலை மீட்டிங் ஆரம்பித்த பிறகு உள்ளே வந்தால் லேட். மாசத்தில் மூன்று லேட் விழுந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவளுக்கு ஒன்றுகூட விழவில்லை. நியாயமாக விழுந்திருக்க வேண்டும். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் அவர்கள் தெருக் குழாயில் ஏழு மணிக்கு மேல்தான் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அம்மா கற்பகம் விடியும் முன்பே காய்கறி எடுக்க மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். அப்பா கட்டட வேலைக்கு. குடம் குடமாகப் பிடித்து டிரம்மை நிரப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறி அவள் ஓடி வருவதற்குள் ஒன்பது தாண்டிவிடும்.

யாராவது கேட்டால் ‘பஸ் லேட்’ என்பாள். குழாயடிச் சண்டையைப் பற்றியெல்லாம் அந்த ஏ.சி. ரூமில் யாரிடம் போய்ச் சொல்வது?

நல்லவேளை, அவளுக்கும் பின்னால் வர ஒரு மனுஷன் இருந்தார்!

ஆனால் அந்த மனுஷனை அவளுக்குப் பிடிக்காது. சேர்ந்த அன்றைக்கு, “மட்டாஞ்சேரியில எங்கே?” என்று மலையாளத்தில் கேட்டார். ஆபீசில் அவர் வாயைத் திறந்தால் மலையாளம்தான்.

“கொச்சங்காடி, சார்.”

“ம்” என்றார். லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்க ஏரியா பேரைக் கேட்டதுமே மூஞ்சி மாறுது பாரு என்று அவளுக்குச் சுருக்கென்று இருந்தது.

ஒரு வருஷம் ஓடியே போய்விட்டது. கடைசி நாள் மதியம் எச்.ஆர். ஷைலஜா மேடம் கூப்பிட்டார்.

“ஒரு நாள்கூட நீ லேட் இல்லை. வேலையும் சுத்தம். உன்னை இங்கேயே பர்மனென்ட்டா எடுக்கப்போறோம், மோளே.”

விஷ்ணுப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவிடம் எப்போது போய்ச் சொல்வோம் என்று இருந்தது.

“இன்னொரு விஷயம். சாயங்காலம் ஷாஜியோட ப்ரமோஷன் பத்திப் பேசுறோம். அவர் மேல ஒரே ஒரு புகார்தான், லேட்டா வர்றார்னு. நீ தினமும் கூட இருந்தவ. நிஜமா?”

அவளுக்குள் நேர்மை அப்படியே பொங்கியது.

“நிஜம்தான் மேடம். ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை. காத்திருந்து காத்திருந்து எங்களுக்கே சலிச்சுப்போச்சு.”

“சரி, அதையும் மீட்டிங்ல சொல்லிடறேன்” என்றார் மேடம்.

விஷ்ணுப்ரியா கீழே இறங்கி வந்தாள். கேட்டுக்கு எதிரே தங்கதுரையின் சாயாக்கடை. தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு வருஷமாக அந்தக் கடையைத் தாண்டி ஓடியிருக்கிறாளே தவிர, நின்று ஒரு சாயா குடித்ததில்லை.

“அட, ஓட்டக்காரப் பொண்ணு! இன்னைக்குத்தான் நிக்கிறீங்க” என்று தங்கதுரை கிளாஸை நீட்டினார்.

“எனக்கு இங்கேயே வேலை கிடைச்சிருச்சு அண்ணே. பர்மனென்ட்!”

“ரொம்ப சந்தோஷம்மா. இனிமே ஷாஜி சாரும் நேரத்தோட ஆபீசுக்குப் போகலாம்.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“தினமும் கடை திறந்த கையோட வந்து அந்த பெஞ்சுல உட்கார்ந்துருவாரும்மா. லேப்டாப்ல வேலை பார்த்துக்கிட்டே பஸ் ஸ்டாப்பையும் பார்ப்பாரு. நீங்க இறங்கி ஓடி, உள்ள போனப்புறம்தான் எந்திரிப்பாரு. எனக்குப் பொறுக்கல. ‘என்ன சார், அந்தப் பொண்ணை வேவு பார்க்கிறீங்களா?’ன்னு ஒரு நாள் கேட்டே போட்டேன்.”

அவள் கையில் சாயா அப்படியே நின்றது. “என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு. ஏம்மா, அவரும் உங்க கொச்சங்காடிதானாமே? எங்கிட்ட நல்லாத் தமிழ் பேசுவாரே! ‘நான் உள்ள போனா மீட்டிங் ஆரம்பிச்சிரும் தங்கதுரை. அந்தப் பொண்ணு தண்ணி பிடிச்சு வச்சுட்டு வரணும். அந்தக் குழாயாலதான் எங்கம்மாவுக்கு வேலை போச்சு’ன்னாரு.”

விஷ்ணுப்ரியா கிளாஸை பெஞ்சில் வைத்தாள்.

“ஏம்மா, சாயா குடிக்கலையா?”

“வந்து குடிக்கிறேன் அண்ணே. மேடம்கிட்ட மாத்திச் சொல்லணும். ஒரு வருஷமா லேட்டா வந்தது நான்தான்னு” என்றபடி அவள் கேட்டைப் பார்த்து ஓடினாள்.